கேம் பாயில் தடுமாறிய டிராகுலா வேட்டை: 1989 கேஸில்வேனியா ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

கேஸில்வேனியா வரிசையின் பழைய ஆட்டங்கள் எட்டை, அவற்றைச் செய்த ஜப்பானிய நிறுவனமான கோனாமி 2019 மே மாதம் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. ரெட்ரோ ஆட்டங்களைப் புதிதாகத் தொடும் பலரும் இந்த வரிசைக்குள் நுழைவது அந்தத் தொகுப்பின் வழியாகத்தான். அதில் ‘கேஸில்வேனியா: தி அட்வென்ச்சர்’ என்ற, நின்டென்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய்க்குச் செய்த ஆட்டத்தைத் திறப்பவர்களுக்கு முதல் நிமிடத்திலேயே ஒரு சந்தேகம் வரும். கதாநாயகன் நடப்பது தண்ணீருக்குள் நடப்பதுபோல இருக்கிறது, குதித்தால் தரையிறங்க நேரமாகிறது. தொகுப்பு சரியாக ஓடவில்லையா? செட்டிங்கில் எதையாவது மாற்ற வேண்டுமா?

எதையும் மாற்ற வேண்டாம். 1989இல் கடைக்கு வந்த கார்ட்ரிட்ஜும் (ஆட்டம் பதிந்த, கருவியில் செருகும் சிறு பெட்டி) இப்படித்தான் ஓடியது. “அந்தக் காலத்துக் கையடக்கக் கருவி, அதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்” என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மைகூட இல்லை. டிவியோடு இணைக்கும் வீட்டுக் கருவியில் வந்த முதல் கேஸில்வேனியாவில், அதாவது வீட்டு ஆட்டத்தில், விளையாடுபவரைத் தண்டித்த விதிகள் எல்லாம் இந்தச் சிறிய திரைக்கு வந்து சேர்ந்தன. அவரைக் காப்பாற்றிய விதிகள் வரவில்லை. ஆட்டம் ஏமாற்றியதற்கு முதல் காரணம் அதுதான், கருவி அதற்குப் பிறகே வருகிறது.

## எந்த ஆட்டம், எந்த வரிசையில்

கேஸில்வேனியா 1986 செப்டம்பரில் ஜப்பானில், நின்டென்டோவின் வீட்டுக் கருவியான ஃபாமிகாமோடு இணைக்கும் டிஸ்க் சிஸ்டத்தில் வெளிவந்தது. மறு ஆண்டு அது அமெரிக்காவின் நின்டென்டோ கருவிக்குப் போனது. பெல்மான்ட் என்ற குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகச் சாட்டையோடு டிராகுலாவின் கோட்டைக்குள் போகிறார்கள். கதை அவ்வளவுதான். முதல் ஆட்டத்தின் நாயகன் சைமன் பெல்மான்ட், கதை நடக்கும் ஆண்டு 1691.

கேம் பாய் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1989 ஏப்ரல் 21 அன்று. அதே ஆண்டு அக்டோபரில், அதாவது கருவி வந்து ஆறே மாதத்தில், ‘தி அட்வென்ச்சர்’ வந்தது. சைமனின் கதையை மறுபடி சொல்லாமல், அவனுக்கு நூறு ஆண்டுக்கு முந்தைய மூதாதையான கிறிஸ்டோஃபர் பெல்மான்ட்டை நாயகனாக்கினார்கள். கதை 1576இல் நடக்கிறது. மொத்தம் நான்கு ஸ்டேஜ். முதன்மை வரிசைக்கு வெளியே, கையடக்கக் கருவிக்கென்று தனியாகச் செய்த கிளை ஆட்டம் என்று இதைச் சொல்லலாம்.

பெட்டியின் பின்புறப் படங்களைப் பார்த்தவர்கள் மயங்கியதில் தவறில்லை. நாயகனின் உருவம் பெரியது, சாட்டை நீளமாக வீசுகிறது, சுவரில் மெழுகுவத்திகள் எரிகின்றன. அசையாத படமாகப் பார்த்தால் இது அசல் கேஸில்வேனியாதான். அசையத் தொடங்கியதும்தான் குறை தெரிகிறது.

## சைமனும் மெதுவானவன்தானே?

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 1986 ஆட்டமும் வேகமான ஆட்டமல்ல. சைமன் ஓடமாட்டான், நடப்பான். குதித்துவிட்டால் காற்றில் திசை மாற்ற முடியாது. சாட்டையை ஓங்கினால் வீசி முடிக்கும்வரை வேறெதுவும் செய்ய முடியாது. அடிபட்டால் பின்னோக்கித் தூக்கி எறியப்படுவான், பின்னால் குழி இருந்தால் உயிர் போகும். மாரியோ ஆட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இது இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆடுவதுபோல் இருக்கும்.

ஆனாலும் அந்த ஆட்டத்தை இன்றுவரை கொண்டாடுகிறார்கள். அந்த மெதுவான நடைக்கு ஆட்டம் ஈடு கொடுத்ததுதான் காரணம். விளையாடுபவருக்கும் ஆட்டத்துக்கும் நடுவே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் இருந்தது: “நீ அவசரப்பட முடியாது, யோசித்துத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும். பதிலுக்கு, யோசிக்க இடமும் ஆயுதமும் நான் தருகிறேன்.”

இடம் என்பது திரையின் அகலம். அலைபோல மேலும் கீழும் மிதந்து வரும் மெடூசா தலை திரையின் ஓரத்தில் தோன்றும்போதே, அது எந்த உயரத்தில் நம்மை எட்டும் என்று கணிக்க நேரம் இருந்தது. ஆயுதம் என்பது சாட்டைக்கு அப்பால் கிடைத்த துணை ஆயுதங்கள். குறுவாள் நேராகப் பாயும். கோடாரி வளைந்து மேலே போகும். புனித நீர் தரையில் எரியும். சிலுவை போய்த் திரும்பும். கடிகாரம் எதிரிகளை நிறுத்தும். மெழுகுவத்திகளை உடைத்துச் சேர்க்கும் இதயங்கள்தான் இவற்றுக்கான தோட்டா. எந்த ஆயுதத்தை எங்கே எடுத்துப்போவது என்பதே பாதி ஆட்டம். காலின் மெதுவைக் கையால் சரிக்கட்டலாம் என்பதே இந்த ஆட்டத்தின் அழகு.

## கேம் பாய் உண்மையில் எவ்வளவு பலவீனம்?

கருவிமீது போடப்படும் பழியைக் கொஞ்சம் எண்களோடு பார்க்கலாம்.

நின்டென்டோ வீட்டுக் கருவியின் படம் 256 பிக்சல் அகலம், 240 பிக்சல் உயரம். கேம் பாயின் திரை 160க்கு 144. பரப்பைக் கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. நிறம் கிடையாது, பச்சையும் சாம்பலும் கலந்த திரையில் நான்கு அடர்த்திகள் மட்டும். பின்னொளியும் இல்லை. அந்தக் கால திரவப் படிகத் திரையில் பிக்சல்கள் நிலை மாற நேரம் எடுத்ததால், நகரும் எதுவும் பின்னால் நிழலை இழுத்துக்கொண்டு போகும்.

இவையெல்லாம் உண்மையான குறைகள். ஆனால் உள்ளே இருந்த கணிப்பொறி அப்படியொன்றும் ஏழையல்ல. கேம் பாயின் வேலை நினைவகம் 8 கிலோபைட், வீட்டுக் கருவியில் இருந்ததோ 2 கிலோபைட். செயலியின் கடிகார வேகம் கேம் பாயில் 4.19 மெகாஹெர்ட்ஸ், வீட்டுக் கருவியில் 1.79. இரண்டும் வேறு வேறு வகைச் செயலிகள் என்பதால் இந்த எண்களை நேருக்கு நேர் வைத்து ஒன்றை இரட்டிப்பு வேகம் என்று சொல்லக்கூடாது. ஆனால் ‘பாவப்பட்ட சின்னக் கருவி’ என்று சொல்லவும் இடமில்லை.

அப்புறம் ஸ்பிரைட். பின்னணிக்கு மேலே சுதந்திரமாக நகரும் சிறு சித்திரத் துண்டுக்குத்தான் ஸ்பிரைட் என்று பெயர். நாயகன், எதிரி, தீப்பந்து எல்லாம் இத்துண்டுகளை அடுக்கிச் செய்தவை. கேம் பாயில் ஒரே நேரத்தில் 40 ஸ்பிரைட்டுகள், ஒரே கிடைக்கோட்டில் 10 வரை காட்டலாம். வீட்டுக் கருவியில் மொத்தம் 64 என்றாலும், ஒரு கோட்டில் 8தான். ஒரு துண்டின் அகலம் 8 பிக்சல். அப்படியென்றால் கேம் பாயில் ஒரு கோட்டின் பாதியை ஸ்பிரைட்டால் நிரப்ப முடியும், வீட்டுக் கருவியில் கால்வாசிதான் முடியும். சிறிய திரைக்கு இது தாராளமான கணக்கு.

கருவியின் உண்மையான கட்டுப்பாடு திரையின் அளவும் மங்கலும்தான்.

## ‘மெதுவாக இருக்கிறது’ என்பதில் நான்கு வகை

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாக் குறையையும் ‘லேக்’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால்தான் யார்மேல் குற்றம் என்று தெரியும்.

1. வடிவமைப்பின் மெதுவு. ஆட்டம் நொடிக்கு ஏறக்குறைய 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு முறையும் வரையப்படும் படம் ஒரு ஃப்ரேம். ஒரு ஃப்ரேமில் நாயகன் எத்தனை பிக்சல் நகர வேண்டும் என்பதை நிரலில் எழுதுபவர் மனிதர். கருவிக்கு அதில் பங்கில்லை.

2. நெரிசலின் மெதுவு. ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிநொடி. எதிரிகளை நகர்த்துவது, மோதலைச் சோதிப்பது, இசைக்கான கட்டளைகளை அனுப்புவது எல்லாம் அதற்குள் முடியவில்லையென்றால் அடுத்த ஃப்ரேம் தள்ளிப்போகும். மொத்த ஆட்டமும் இழுக்கும். கூட்டம் கூடும்போது மட்டும் வருவது இதன் அடையாளம்.

3. பொத்தானின் தாமதம். அழுத்தியதற்கும் திரையில் பலன் தெரிவதற்கும் உள்ள இடைவெளி. ஃப்ரேம்கள் தள்ளிப்போகும்போது பொத்தானைப் படிக்கும் வேலையும் தள்ளிப்போகிறது. குழியின் ஓரத்தில் குதிக்க அழுத்துகிறோம், நாயகன் இன்னொரு அடி எடுத்து வைத்து விழுகிறான்.

4. திரையின் மங்கல். இது ஓட்டத்தைக் குறைப்பதில்லை. ஆனால் நகரும் எதிரி தெளிவாகத் தெரியாததால் நம் கணிப்பைக் குறைக்கிறது.

இதில் நான்காவது குறை 2019 தொகுப்பில் முழுதாக ஒழிந்துவிட்டது. இன்றைய திரைகளில் நிழல் இழுபடாது. படம் பெரிதாகவும் கூர்மையாகவும் தெரிகிறது. நெரிசல் இல்லாத இடத்தில், ஒரே ஒரு எதிரிகூட இல்லாத வெற்று நடைபாதையில், கிறிஸ்டோஃபரை நடக்கவிட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே மந்தம். ஆக, இரண்டாவது மூன்றாவது குறைகள் இருப்பது உண்மை என்றாலும், அடியில் கிடப்பது முதல் வகைதான். கருவியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட இந்தச் சோதனை ஒன்றே போதும் என்பது என் முடிவு.

## எதை விட்டுவந்தார்கள்

மெதுவான நடை மட்டும் ஓர் ஆட்டத்தைக் கெடுக்காது. சைமனைப் பார்த்தோம் அல்லவா. சிக்கல் அதற்கு ஈடாக இருந்தவை என்ன ஆயின என்பதில் இருக்கிறது.

1. துணை ஆயுதங்கள் மொத்தமாகப் போயின. குறுவாள் இல்லை, கோடாரி இல்லை, புனித நீர் இல்லை. தலைக்கு மேலே பறப்பவனை எட்ட குதிப்பதைத் தவிர வழியில்லை. அந்தக் குதியோ நம் கைக்கு அடங்காதது.

2. இதயம் தோட்டாவாக இருந்தது போய், உடல்நலம் கூட்டும் பொருளானது. கேட்க இது சலுகைபோலத் தெரியும். விளைவு வேறு. முன்பு ஒவ்வொரு மெழுகுவத்தியும் ஒரு சிறு முடிவைக் கேட்டது: இந்தத் தோட்டாவை இப்போதே செலவிடுவதா, ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸுக்கு வைத்துக்கொள்வதா? இப்போது அந்தக் கேள்வியே இல்லை. கிடைத்தால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

3. சாட்டையின் பலம் ஒவ்வொரு அடிக்கும் குறையும். வீட்டு ஆட்டத்தில் ஒருமுறை வலுவான சாட்டை உயிர் போகும்வரை வலுவாகவே இருக்கும். இங்கே படிகங்களை எடுத்தால் சாட்டை படிப்படியாக வளர்ந்து, உச்ச நிலையில் தீப்பந்தை வீசுகிறது. தூரத்தில் இருப்பவனை அடிக்கும் ஒரே வழி அந்தத் தீப்பந்துதான். ஆனால் ஒரு அடி பட்டால் ஒரு படி இறங்குகிறது.

4. படிக்கட்டுகளுக்குப் பதிலாகக் கயிறு வந்தது. சாய்ந்த படிக்கட்டுக்கு அகலமும் வேண்டும், உயரமும் வேண்டும். 160க்கு 144 திரையில் அது கட்டுப்படியாகாது என்று நினைத்திருக்கலாம். மாற்றம் நியாயமானதே. ஆனால் கயிற்றில் ஏறும் வேகமும் நடையைப் போலவே மந்தம்.

மூன்றாவது அம்சத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விளையாடுபவர்கள் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான். ஆட்ட வடிவமைப்பில் தோல்விச் சுழல் என்று ஒரு நிலை உண்டு. ஒரு தவறு உங்களைப் பலவீனமாக்குகிறது. பலவீனத்தால் அடுத்த தவறு எளிதாக நேர்கிறது. அது இன்னும் பலவீனமாக்குகிறது. சதுரங்கத்தில் இது இயல்பு, அங்கே எதிராளியும் தவறு செய்வான், மீள வழியுண்டு. இங்கே எதிராளி தவறு செய்வதில்லை. முழு பலச் சாட்டையோடு இருக்கும்போது ஆட்டம் எளிதாக, சொல்லப்போனால் இனிமையாகவே போகிறது. இரண்டு அடி பட்டபின் கையில் இருப்பது குட்டைச் சாட்டை, எதிரியை நெருங்கித்தான் அடிக்க வேண்டும், நெருங்கினால் விலக முடியாத கால்கள். உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஆட்டம் உதவியைப் பறிக்கிறது.

துணை ஆயுதம் இருந்திருந்தால் இந்தச் சுழல் இவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது. குட்டைச் சாட்டையோடும் ஒரு கோடாரியை வைத்துச் சமாளித்திருக்கலாம். ஆக, முதல் வெட்டும் மூன்றாவது வெட்டும் சேர்ந்துதான் கெடுத்தன. தனித்தனியாக ஒவ்வொன்றும் தாங்கக்கூடியவையே.

## தளங்களும் முட்களும்

மந்தமான நடைக்கும் திசை மாறாத குதிக்கும் ஏற்றபடி தளங்களை நெருக்கமாக அமைத்திருந்தால்கூடப் போதும். நடந்தது நேரெதிர். பல இடங்களில் தளத்தின் கடைசி விளிம்புவரை நடந்து, விழுவதற்கு முந்தைய கணத்தில் குதித்தால்தான் அடுத்ததை எட்டலாம். பொத்தானின் தாமதத்தைப் பற்றி மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஃப்ரேம் தவறும் ஓர் ஆட்டம் ஃப்ரேம் துல்லியத்தைக் கேட்கிறது.

இதன் உச்சம் மூன்றாவது ஸ்டேஜ். முட்கள் நிறைந்த பொறிகளிடம் சிக்காமல் தப்பிப் போக வேண்டும். தரையிலிருந்து முட்கள் மேலெழும்பி வர, கயிறுகளில் ஏறித் தப்ப வேண்டும். பிறகு முட்சுவர் ஒன்று பின்னாலிருந்து துரத்தும். எண்ணமாக இது பிரமாதம். 1989இல் கைக்குள் அடங்கும் ஒரு கருவியில் இப்படியொரு பதற்றத்தை உருவாக்கத் துணிந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் துரத்தும் காட்சியில் துரத்தப்படுபவனுக்கு வேகம் கூட்டவோ, வேறு வழி தேடவோ ஏதாவது வாய்ப்பு இருக்க வேண்டும். கிறிஸ்டோஃபருக்கு ஒரே வேகம்தான். எனவே ஒரு கயிற்றில் ஒரு கணம் தயங்கினாலும் முடிந்தது. திறமையால் கடப்பதைவிட, செத்துச் செத்து வழியை மனப்பாடம் செய்துதான் கடக்க வேண்டியிருக்கிறது.

நல்ல யோசனைகள் இதில் வேறு இடங்களிலும் கிடக்கின்றன. பாலத்தின் மேல் பெரிய கண் உருண்டைகள் உருண்டு வரும். அவசரத்தில் சாட்டையால் அடித்தால் அது வெடித்துப் பாலத்தின் துண்டையும் கொண்டுபோய்விடும். அடிக்கலாமா, தாண்டலாமா என்று யோசிக்க வைக்கும் அருமையான எதிரி. இசையோ எந்தச் சலுகையும் தேவையில்லாமல் நிற்கிறது. கேம் பாயின் நான்கு ஒலித் தடங்களில் முதல் ஸ்டேஜுக்குப் போட்டிருக்கும் மெட்டு, வரிசையின் சிறந்த மெட்டுகளோடு தயங்காமல் வைக்கத்தக்கது. ஆட்டத்தைச் செய்தவர்களுக்குத் திறமை குறைவு என்று யாராவது சொன்னால் அந்த மெட்டைக் கேட்கச் சொல்லுங்கள்.

## பிறகு ஏன் இப்படி ஆனது?

உருவாக்கியவர்களின் மனதுக்குள் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் சூழலை வைத்துச் சில காரணங்களை ஊகிக்கலாம்.

முதலாவது, சிறிய திரையின் கணக்கு. நொடிக்கு 60 பிக்சல் நகரும் நாயகன் 256 பிக்சல் திரையைக் கடக்க நான்கு நொடிக்கு மேல் ஆகும். அதே வேகத்தில் 160 பிக்சல் திரையை மூன்று நொடிக்குள் கடந்துவிடுவான். வலது ஓரத்தில் தோன்றும் எதிரியும் அதே விகிதத்தில் சீக்கிரம் வந்து இடிப்பான். உருவங்களைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு திரை மட்டும் சுருங்கினால், எல்லாவற்றின் வேகத்தையும் குறைப்பதுதான் கைக்கு எட்டும் முதல் தீர்வு. திரையின் மங்கலும் அதே திசையில் தள்ளும், மெதுவாக நகர்ந்தால் நிழல் குறைவாக இழுபடும்.

இந்தத் திரைச் சிக்கல் கற்பனையல்ல. 1992இல் சேகா தன் சோனிக் 2 ஆட்டத்தின் 8-பிட் வடிவத்தை மாஸ்டர் சிஸ்டம் என்ற வீட்டுக் கருவிக்கும் கேம் கியர் என்ற கையடக்கக் கருவிக்கும் வெளியிட்டபோது, கேம் கியரின் 160க்கு 144 திரையில் முதல் பாஸ் சண்டையே பலரை மடக்கியது. சரிவில் துள்ளி வரும் உருண்டைகளைத் தாண்ட வேண்டும். பெரிய திரையில் அவை வருவது முன்கூட்டியே தெரியும். சிறிய திரையில் தெரியும்போதே முகத்துக்கு எதிரில் நிற்கும். அங்கே வேகத்தைக் குறைக்கவில்லை, பார்வையை மட்டும் வெட்டினார்கள். கோனாமி பார்வை குறைந்ததை உணர்ந்து வேகத்தைக் குறைத்தது. இரண்டு வழியும் சரியில்லை. சரியான வழி ஏற்கெனவே கண்ணெதிரில் இருந்தது: கேம் பாயோடு ஒரே நாளில் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ லேண்ட்’ மாரியோவின் உருவத்தையே குட்டியாக்கி, சிறிய திரைக்குள் பெரிய உலகத்தை வைத்தது. பார்க்க அழகு குறைந்தது, ஆட உயிர் கூடியது.

இரண்டாவது, நேரம். கருவி வந்த ஆறாம் மாதம் ஆட்டம் கடையில். ஒரு புதிய கருவியின் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொண்டே ஆட்டத்தையும் முடித்திருக்கிறார்கள். நெரிசலில் ஆட்டம் இழுப்பதை இதன் கணக்கில் எழுதலாம்.

மூன்றாவது, கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு. ‘தி அட்வென்ச்சர்’ 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. பெரிய ஸ்பிரைட்டுகளுக்கு இடம் கொடுத்தால் ஆயுத வகைகளுக்கும் ஸ்டேஜ்களுக்கும் இடம் சுருங்கும். படத்தில் எடுபடுவதைக் காப்பாற்றி, கையில் உணர்வதை விட்டுக்கொடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

## அதே கருவியில் கிடைத்த பதில்

சரி, இவையெல்லாம் தவிர்க்க முடியாதவையா? 1991இல் இரண்டு ஆட்டங்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டன. இரண்டுமே கோனாமியுடையவை, இரண்டும் அதே கேம் பாய்க்கு.

ஒன்று ‘ஆபரேஷன் சி’. ஓடிக்கொண்டே சுடும் கான்ட்ரா ஆட்ட வரிசையின் கையடக்கக் கிளை. உருவங்கள் சிறியவை, ஓட்டம் வேகமானது, குண்டுகள் திரை நிறையப் பறந்தாலும் கட்டுப்பாடு கைவிட்டுப் போவதில்லை. கான்ட்ராவில் எது உயிரோ அது அப்படியே வந்திருந்தது.

மற்றொன்று ‘கேஸில்வேனியா 2: பெல்மான்ட்ஸ் ரிவெஞ்ச்’. கிறிஸ்டோஃபரே மறுபடி நாயகன், கதை 15 ஆண்டு கழித்து. இந்தமுறை அவன் மகன் சோலேயு டிராகுலாவின் பிடியில். வெளியிலிருந்து பார்த்தால் பழைய ஆட்டம் மாதிரியே இருக்கும். உள்ளே ஒவ்வொரு புண்ணுக்கும் மருந்து போட்டிருக்கிறார்கள். துணை ஆயுதங்கள் இரண்டு திரும்பி வந்தன, இதயமும் தோட்டா வேலைக்குத் திரும்பியது. எல்லா அடிக்கும் சாட்டை இறங்குவது நின்று, குறிப்பிட்ட எதிரிகளிடம் அடிபட்டால் மட்டும் இறங்கும்படி மாறியது. கயிற்றில் சரிந்து இறங்க முடிந்தது. நான்கு கோட்டைகளை விருப்பப்பட்ட வரிசையில் முடிக்கலாம், அதன் பிறகே டிராகுலா. கார்ட்ரிட்ஜ் 128 கிலோபைட், அதாவது இரு மடங்கு.

நாயகன் இங்கேயும் வேகமானவனல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பைவிடச் சற்றுத் தேவலை, அவ்வளவே. ஆனால் மந்தம் உறுத்துவதில்லை, ஏனென்றால் ஒப்பந்தம் மறுபடி அமலுக்கு வந்துவிட்டது. முதல் ஆட்டத்தில் குற்றம் வேகத்தில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. கருவி மாறவில்லை, நிறுவனம் மாறவில்லை, நாயகன்கூட மாறவில்லை. விதிகள் மாறின.

## பின்னால் என்ன ஆயிற்று

வரிசையின் கையடக்கப் பாதை இதற்குப் பிறகும் நேர்க்கோட்டில் போகவில்லை. 1997இல், வீட்டுக் கருவியில் ‘சிம்ஃபனி ஆஃப் தி நைட்’ வந்து உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டில், பழைய கேம் பாய்க்கு ‘கேஸில்வேனியா லெஜெண்ட்ஸ்’ வந்தது. சோனியா பெல்மான்ட் நாயகி. கற்றுக்கொண்டதாக நினைத்த பாடங்களில் சில மறந்துபோயிருந்தன. வரிசையின் பொறுப்பிலிருந்த கோஜி இகராஷி பின்னாளில் அந்த ஆட்டத்தை அதிகாரப்பூர்வ காலவரிசையிலிருந்தே எடுத்துவிட்டார்.

2001இல் கேம் பாய் அட்வான்ஸ் வெளிவந்தபோது கூடவே வந்தது ‘சர்க்கிள் ஆஃப் தி மூன்’. ஆட்டம் நன்றாக இருந்தது, ஆனால் இருண்ட கோட்டைக் காட்சிகள் பின்னொளி இல்லாத அந்தத் திரையில் தெரியவில்லை. அடுத்த ஆண்டு ‘ஹார்மனி ஆஃப் டிசோனன்ஸ்’ வந்தபோது நிறங்களைப் பளிச்சென்று மாற்றி, நாயகனைச் சுற்றி நீல விளிம்பே போட்டுவிட்டார்கள். கோட்டை, இசை, எதிரிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் திரையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதைக் கற்க ஏறக்குறைய 13 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

‘தி அட்வென்ச்சர்’ ஆட்டத்துக்கே மறுபிறவியும் கிடைத்தது. 2009இல் எம்2 என்ற ஜப்பானிய நிறுவனம், ‘கேஸில்வேனியா: தி அட்வென்ச்சர் ரீபர்த்’ என்ற பெயரில் நின்டென்டோ வீ கருவியின் இணையக் கடைக்காக அதைப் புதிதாகச் செய்தது. கிறிஸ்டோஃபர் அதே ஆள். நடை சுறுசுறுப்பானது, துணை ஆயுதங்கள் இருக்கின்றன, ஸ்டேஜ்கள் ஆறு. பழைய ஆட்டத்தின் நல்ல யோசனைகளை, கண் உருண்டைப் பாலம் மாதிரியானவற்றை, ஏறக்குறைய புதைபொருள்போலத் தோண்டி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். 1989 ஆட்டம் தருவதாகச் சொன்னது என்ன என்று தெரிய வேண்டுமானால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வேதனை என்னவென்றால், வீ இணையக் கடை 2019 ஜனவரி இறுதியில் மூடப்பட்டது. அங்கே ‘ரீபர்த்’ வாங்கும் வழி அதோடு அடைபட்டது. அடுத்த நான்கு மாதத்தில் வந்த எட்டு ஆட்டத் தொகுப்பில் 1989இன் மூல ஆட்டம் இடம்பெற்றது, 2009 திருத்தம் இடம்பெறவில்லை. இத்தனைக்கும் அந்தத் தொகுப்பைச் செய்ததும் அதே எம்2தான். பழுதான வடிவம் எல்லோர் கைக்கும் கிடைத்தது, பழுது நீக்கிய வடிவம் பழைய கருவியில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்களோடு நின்றுவிட்டது. மூலத்தைப் பாதுகாப்பது சரியானதே, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் புதியவர்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

## இப்போது விளையாட நினைத்தால்

தொகுப்பு கையில் இருப்பவர்கள் இந்த வரிசையில் முயன்று பார்க்கலாம். முதலில் 1986 மூல ஆட்டத்தின் முதல் ஸ்டேஜை மட்டும் முடியுங்கள், துணை ஆயுதங்களை மாற்றி மாற்றி எடுத்து. அடுத்து ‘தி அட்வென்ச்சர்’ முதல் ஸ்டேஜ். அதே விரல்கள் எந்தப் பொத்தானைத் தேடித் தவிக்கின்றன என்பது உடனே தெரியும். இரண்டாவது ஸ்டேஜுக்குப் பிறகு தொகுப்பில் இருக்கும் சேவ் வசதியைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், முக்கியமாக மூன்றாவது ஸ்டேஜில் ஒவ்வொரு கயிற்றின் உச்சியிலும். முழு பலச் சாட்டையை இழக்காமல் பாஸ்வரை கொண்டுபோவதை மட்டும் இலக்காக வைத்தால் ஆட்டம் ஓரளவுக்கு வழிக்கு வருகிறது.

அதன் பிறகு ‘பெல்மான்ட்ஸ் ரிவெஞ்ச்’. நான்கு கோட்டைகளில் எதில் தொடங்கினாலும் பரவாயில்லை. அதையும் விளையாடிய பிறகே கேம் பாய் கேஸில்வேனியாவைப் பற்றி முடிவுக்கு வாருங்கள்.